போட்டிக்கு முன் ஒரு வெள்ளோட்டம்!

எங்க ஊரில் புது வள்ளம் இறக்கினால், முதல் நாளே தொழிலுக்கு விடமாட்டார்கள். கரையோரமாய் ஓட்டி, ஒழுக்கு இருக்கா, இன்ஜின் சரியா என்று பார்ப்பார்கள். பிள்ளைகள் செய்யும் ரோபோவுக்கு மட்டும் அது வேண்டாமா?

எட்டாவது படிக்கும் என் மகள், போன வருஷம் பள்ளி அணியோடு ரோபோ போட்டிக்குப் போனாள். பள்ளியில் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிய வண்டி, அங்கே அரங்கத்து விளக்கில் கோடு தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்ததாம். இடத்து வெளிச்சத்துக்குத் தக்கபடி சென்சாரை மறுபடி சரிசெய்யணும். அது அவளுக்குத் தெரியும். பதற்றத்தில் கை ஓடவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. 'இனி போகமாட்டேம்மா' என்று அன்றிரவு அழுதாள்.

பர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் ஒரு ஆட்டம் இரண்டரை நிமிஷம்தான். அதில் பதறினால் மாதக்கணக்கான உழைப்பு போச்சு. 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் இன்று எத்தனையோ பள்ளிகளில் உள்ளன. ஆய்வகம் இருந்து என்ன, வெளியாள் முன்னால் ஓட்டிப் பழக வேண்டாமா?

பக்கத்துப் பள்ளிகள் நாலைந்து சேர்ந்து, ஒரு சனிக்கிழமை ஒரே ஹாலில் கூடட்டும். அணிக்கு மூன்று ஆட்டம். நடுவே பழுது பார்க்க அரை மணி நேரம். கடிகாரம் பிடிக்க அடுத்த பள்ளி ஆசிரியர். பரிசு மட்டும் வேண்டவே வேண்டாம். வைத்தால் பெரியவங்க நாமே சண்டைக்கு நிற்போம்!

புளிச்சோறு கட்டித் தர நாங்க தாய்மார்கள் தயார். எந்தப் பள்ளி முதலில் ஹாலைத் திறந்து விடும்?

- ஒரு வாசகி, கீழவைப்பார்.