மூக்குக் குழாயும் கணக்கில்லாப் பரிசோதனையும்

நோயுற்ற குழந்தைக்கு உணவூட்டுவதும் ஓர் ஆராய்ச்சியா என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். இருதயத்தை அறுத்துச் சீர்செய்வதும் புதிய மருந்தொன்றைக் கண்டுபிடிப்பதுமே ஆராய்ச்சி. பால் கொடுப்பது தாய்மாருக்கும் தாதிமாருக்கும் உரிய சிறு வேலை என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பாமரரிடம் மட்டுமன்றிப் படித்தவரிடமும், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் பதவிகளில் அமர்ந்திருப்போர் சிலரிடமும் உண்டு. ஆனால் அச்சிறு வேலை பிழைத்தபோது உயிர்கள் போயிருக்கின்றன. அதனைப் பிழையறச் செய்யும் வழியை மருத்துவ உலகம் மிகப் பிந்தியே ஆராயத் தொடங்கியது. இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயால் பால் உறிஞ்ச முடியாத குழந்தைக்கு மூக்கின் வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, தொண்டையைக் கடந்து இரைப்பையை அடையச் செய்து, அதனூடே பாலை இறக்குவர். குறைமாதத்திற் பிறந்த சிசு, மூச்சுத்திணறும் பாலகன், நினைவிழந்து கிடக்கும் சிறுவன், பட்டினியால் வற்றிப் பசியுணர்ச்சியையே இழந்துவிட்ட பிள்ளை ஆகிய யாவருக்கும் இக்குழாயே உயிர்நாடி. இது புதுமையன்று. 1790ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் பெயர்பெற்ற சத்திர வைத்தியர் ஜோன் ஹன்ரர், விழுங்க முடியாதிருந்த ஒருவருக்குத் திமிங்கில எலும்பின் மேல் விலாங்குமீன் தோலைப் போர்த்திச் செய்த குழாயால் உணவூட்டினார். விலாங்குத் தோல் போய் இரப்பர் வந்தது. இரப்பர் போய் பிளாஸ்திக்கு வந்தது. குழாய் திருந்திய அளவுக்கு அதைக் கையாளும் முறை திருந்தியதா?

இரைப்பைக்குச் செல்லும் வழியும் சுவாசப்பைக்குச் செல்லும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. கண்ணால் காணாது செலுத்தும் குழாய் வழிதவறிச் சுவாசப்பையுட் புகுந்துவிடின், ஊற்றும் பால் அங்கேயே இறங்கும். அதன் விளைவை விவரிக்க வேண்டுவதில்லை. ஆகவே, பால் ஊற்றுமுன் குழாயின் நுனி எங்கேயுள்ளது என்று உறுதி செய்வது இவ்வேலையின் உயிர்நிலையாகும். நெடுங்காலமாகப் பல நாடுகளிலும் வழங்கிய முறை யாதெனில், குழாயினூடே சிறிது காற்றை ஊசிக்குழலால் செலுத்தி, வயிற்றின்மேல் ஸ்தெதஸ்கோப்பை வைத்துக் கேட்பது. 'குபுக்' என்று சத்தம் கேட்டால் குழாய் இரைப்பையில் உள்ளதென்று கொள்வர். மூத்த தாதி இளைய தாதிக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தார். பாடநூல்களும் அதனையே எழுதின. ஆனால் குழாய் சுவாசப்பையுள் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றின்மேல் கேட்கக்கூடும்! ஒரு சிறு குழந்தையின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள தூரம் நான்கு விரற்கடைதானே.

பிரித்தானியாவில் நோயாளர் பாதுகாப்புக்கென அமைந்திருந்த தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இம்முறையைக் கைவிடுமாறு எச்சரிக்கை விடுத்தது. வழிதவறிய குழாய்களால் இரண்டு ஆண்டுகளில் 11 பேர் இறந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தது. குழாயினூடே சிறிது இரைப்பைநீரை உறிஞ்சியெடுத்து, அதன் அமிலத்தன்மையைப் பி.எச். தாளால் அளந்து, அளவு 5.5க்கு மேற்படாதிருந்தால் மட்டுமே பால் ஊற்றலாம். ஐயமிருப்பின் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க வேண்டும் என்று விதித்தனர். அதன்பின்னும் ஆபத்து ஒழிந்தபாடில்லை. 2005 முதல் 2010 வரை மேலும் 21 மரணங்களும் 79 தீங்குகளும் நேர்ந்தன என்று 2011இல் அந்நிறுவனமே அறிவித்தது. எக்ஸ் கதிர்ப் படத்தைப் பிழையாக வாசித்தமையே அவற்றுக்குத் தலையாய காரணமென்றும் கூறிற்று. (இவ்வெண்கள் எல்லா வயதினரையும் சேர்த்தவை என்பதை வாசகர் மனத்திற் கொள்க.)

இங்கே ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் இடந்தரவில்லை. மேற்சொன்ன எண்களைக் கண்டு பிரித்தானிய வைத்தியசாலைகள் மோசமானவை என்று எவரும் முடிவு கட்டலாகாது. எண்ணுகின்ற நாட்டிலேதான் எண்கள் இருக்கும். எண்ணாத நாட்டில் குழாய் வழிதவறிப் போன பிள்ளை 'நிமோனியாவால் இறந்தது' என்று பதிவேட்டில் எழுதப்பட்டு, பெட்டியில் வைத்து வீட்டுக்கு அனுப்பப்படும். அந்நாடு குற்றமற்ற நாடாகத் தோன்றும்.

பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுவோருக்கு, முக்கியமாக நம் கமக்காரப் பெருமக்களுக்கு, ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றோம். இரு சிகிச்சைகளுள் எது சிறந்ததென அறிய, நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போடுவது போன்று இரு பகுதியாகப் பிரித்து ஒப்பிடும் முறையின் இலக்கணம் வகுக்கப்பட்டது வைத்தியசாலையிலன்று; வயலிலே. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர், எந்தப் பசளை நல்லதென அறிவது எங்ஙனம் என்ற கேள்வியில் உழன்றார். கிணற்றடிப் பாத்திக்குப் புதிய பசளையும் மேட்டுப் பாத்திக்குப் பழைய பசளையும் இட்டால், விளைச்சல் கூடியது பசளையாலா நீராலா என்று யார் சொல்வது? ஆகவே, எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதை மனிதர் தீர்மானியாது குலுக்கல் தீர்மானிக்கட்டும் என்றார். பிரித்தானியாவில் காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் மருந்தைச் சோதித்து 1948இல் முடிவை வெளியிட்ட ஆராய்ச்சியில் பிராட்ஃபோட் ஹில் அம்முறையை நோயாளரிடம் கொண்டுவந்தார். மருத்துவர் இன்று பெருமையோடு பேசும் முறையின் மூதாதையர் நெல்லும் கோதுமையும் கிழங்கும் விளைவிப்போரே.

இம்முறை மூக்குக் குழாயைத் தேடி வந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சற்று விரிவாகக் கூறுவோம். ஒரு வயதுக்குட்பட்ட பாலகருக்குச் சுவாசப்பையின் நுண்குழல்கள் வீங்கிச் சளியடைக்கும் நோயொன்றுண்டு. மூச்சுவாங்கும் குழந்தைக்கு முலையுறிஞ்ச மூச்சேது? நீர் வற்றிப் போகாதிருக்க இரண்டு வழிகளே உள. ஒன்று நாளத்தில் ஊசியேற்றிச் சேலைன் கொடுப்பது. மற்றது மூக்குக் குழாயால் பாலோ நீரோ கொடுப்பது. முதலாவது வழியை ஆதரிப்போர், குழாய் ஒரு மூக்குத் துவாரத்தை அடைத்து மூச்சை மேலும் இடருறுத்தும், பால் மேலேறிச் சுவாசப்பையுட் போகும் என்றனர். இரண்டாவது வழியை ஆதரிப்போர், கொழுத்த பாலகனின் கையில் நாளத்தைத் தேடித் தேடிக் குத்துவது கொடுமையென்றும், உண்மையான உணவு வயிற்றிற் சேர்வதே நல்லதென்றும் கூறினர். இருபாலாரும் தத்தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டினர், வழக்கு முடிந்தபாடில்லை.

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக 7 வைத்தியசாலைகளில், இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை வயதுடைய 759 பாலகரைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கி ஆராய்ந்தனர். 2013இல் முடிவு வெளியாயிற்று. குழாய் வழியே பெற்றோர் வைத்தியசாலையில் தங்கிய நேரம் சராசரி 86.6 மணி, நாளத்தின் வழியே பெற்றோர் 82.2 மணி. இவ்வேறுபாடு தற்செயலுக்குள் அடங்குவதே என்று கணக்கியல் கூறிற்று. தீவிர சிகிச்சைக்கு மாற்றப்பட்டவர் தொகையிலும் கருதத்தக்க வேறுபாடில்லை. ஆனால், முதன்முறை முயன்றபோதே கைகூடியது எத்தனை பேருக்கு? குழாயில் நூற்றுக்கு 85 பேருக்கு. ஊசியில் நூற்றுக்கு 56 பேருக்கு மட்டுமே. ஏனைய 44 பாலகரும் மீண்டும் குத்தப்பட்டனர் என்பதே இவ்வெண்ணின் பொருள். அக் கட்டிலருகே நிற்கும் தாய்க்கு நான்கு மணி நேர வேறுபாட்டைவிட இதுவன்றோ பெரிது!

இவ்வாராய்ச்சியும் எல்லாக் கேள்விகளையும் தீர்த்துவிட்டதென்று யாம் கூறோம். 759 பேரில் ஓர் ஆபத்து நேராதது கொண்டு, ஆயிரமாயிரம் பேரில் ஒருவருக்கு நேரும் ஆபத்து இல்லையென்று துணிதல் தவறு. குழாய் வழிதவறுவது அத்தகைய அருமையான ஆபத்தே. அதனை அறிவதற்குக் குலுக்கற் சோதனை போதாது. ஆண்டுதோறும் ஒழுங்காக வைக்கப்படும் பதிவேடு வேண்டும். மேலும், அப்பாலகரைப் பார்த்தவர் தேர்ந்த தாதிமார், பி.எச். தாளுக்கும் எக்ஸ் கதிருக்கும் குறைவில்லாத நாடுகள் அவை.

குறைமாதச் சிசுக்கள் பற்றிய நெடுநாள் வழக்கொன்றும் இவ்வாறே தீர்க்கப்பட்டது. பாலின் அளவை விரைவாகக் கூட்டினால் குடல் அழுகும் என்ற அச்சத்தால், பலர் நத்தை வேகத்திற் கூட்டி வந்தனர். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலுமாக 55 வைத்தியசாலைகளில் 2,804 சிசுக்களை ஆராய்ந்தனர். ஒரு பகுதியாருக்கு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 30 மில்லிலீற்றரும் மற்றப் பகுதியாருக்கு 18 மில்லிலீற்றருமாகப் பாலைக் கூட்டினர். 2019இல் வெளியான முடிவின்படி, இரண்டு வயதில் பெரிய குறைபாடின்றி உயிர்வாழ்ந்தோர் விரைவுப் பகுதியில் நூற்றுக்கு 65.5, மெதுவான பகுதியில் 68.1, இதுவும் தற்செயலுக்குள் அடங்கும் வேறுபாடே. குடல் அழுகும் நோயும் விரைவுப் பகுதியில் அதிகரிக்கவில்லை. அச்சத்தின் பேரில் எத்தனை சிசுக்கள் எத்தனை நாள் வீணே நாளத்து ஊசியோடு கிடந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் மனத்துக்கு எதிராகச் செல்லும் முடிவும் உண்டு. பிள்ளை பட்டினி கிடக்கலாகாது என்பது நம் இரத்தத்தில் ஊறிய எண்ணம். ஆகவே, குழாயால் போதிய அளவு ஊட்ட முடியாத கடும் நோயாளிப் பிள்ளைகளுக்கு, குறைந்த பகுதியை உடனேயே நாளத்தின் வழியே நிரப்புவது நல்லதென்று உலகெங்கும் நம்பினர். பெல்ஜியத்தின் லூவன், ஒல்லாந்தின் றொட்டர்டாம், கனடாவின் எட்மன்ரன் ஆகிய மூன்று நகரங்களில் 1,440 பிள்ளைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவோ மாறாக இருந்தது. ஒரு வாரம் பொறுத்தோருள் புதிய தொற்றுநோய் நூற்றுக்கு 10.7, உடனே நிரப்பப்பட்டோருள் 18.5. பொறுத்தோர் தீவிர சிகிச்சையிலிருந்து விரைவில் மீண்டனர். இரக்கம் மட்டுமே வழிகாட்டியாக இருந்திருப்பின் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

ஆனால் மேல்நாட்டு முடிவை அப்படியே பெயர்த்து நடுதலும் ஆபத்தானதே. இதற்கு உணவுக் குழாயன்று, நாளத்துச் சேலைனே சாட்சி. அதிர்ச்சி நிலையிலுள்ள பிள்ளைக்குச் சேலைனை விரைந்து ஊற்றுதல் செல்வ நாடுகளில் ஐயமற்ற விதியாக இருந்தது. உகண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில், கடுங்காய்ச்சலோடு இரத்தவோட்டம் குன்றி வந்த 3,141 பிள்ளைகளிடம் அவ்விதியைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். விரைந்து ஊற்றப்பட்ட இரு பகுதியாருள் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இறந்தோர் நூற்றுக்கு 10.6, 10.5, ஊற்றப்படாதோருள் 7.3. மலேரியாவும் இரத்தச்சோகையும் மலிந்த, செயற்கைச் சுவாசப் பொறி இல்லாத இடத்தில் அவ்விதி உயிரைப் பறித்தது. ஒரு நிலத்துக்கு ஏற்ற விதை மறுநிலத்துக்கு ஏலாதென்பதை நம் கமக்காரருக்கு நாம் கற்பிக்க வேண்டுமா? ஏழை நாடுகளின் பிள்ளைகளுக்குரிய கேள்விகளை ஏழை நாடுகளிலேயே ஆராய வேண்டும்.

'எங்கள் பிள்ளைகளை எலிகளாக்குவதா?' என்று கேட்பர். நியாயமான கேள்வியே, ஏழைகளின் உடலில் செல்வர் தம் வித்தையைப் பழகிய வரலாறு உலகில் உண்டு. ஆயினும், எந்த வழி நல்லதென்று தெரியாதபோது, ஒரு வார்ட்டில் குழாயும் அடுத்த வார்ட்டில் ஊசியுமாக வைத்தியர் தத்தம் விருப்பப்படி நடத்துவதும் பரிசோதனையேயன்றோ? அது கணக்கு வைக்காத பரிசோதனை. பெற்றோரிடம் சம்மதம் கேளாத பரிசோதனை. எவருக்கும் எதனையும் கற்பியாத பரிசோதனை. குழந்தைகளைக் காப்பதாக எண்ணி ஆராய்ச்சியிலிருந்து விலக்கி வைத்தவர்கள், அவர்களை இவ்விருட்டிலேயே விட்டனர்.

சம்மதம் என்பதோ கையொப்பமன்று. 1964இல் ஹெல்சிங்கி நகரில் உலக வைத்திய சங்கம் செய்த பிரகடனம் ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் சம்மதத்தை வற்புறுத்துகின்றது. பிள்ளைக்காகப் பெற்றோர் பேச வேண்டும். ஆபிரிக்க ஆராய்ச்சியில் பிள்ளை சாகுந்தறுவாயில் இருந்தபோது முதலில் வாய்மொழி இசைவும் பின்னர் முறையான சம்மதமும் பெற்றனர். இது சரியா என்று அறிஞர் வாதிடுகின்றனர், வாதிட வேண்டியதே. தாய் தன் மொழியிற் கேட்டு, தன் மொழியில் திருப்பிக் கேள்வி கேட்கக் கூடியவளாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல முடியாதென்ற சாக்கு இந்நாட்டிற் செல்லாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிசெய்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். முழு வைத்திய நூலையே தமிழிற் செய்த மண்ணில், இரண்டு பக்கச் சம்மதப் பத்திரம் தமிழில் வருவதற்கு என்ன தடை?

இந்நாட்டில் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்வதற்கு 2006 முதல் ஓர் ஏடு உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. ஆகவே கருவிகள் இல்லையென்று சொல்வதற்கில்லை. சிறுவர் வார்ட்டுகளில் எத்தனை பிள்ளைகளுக்குக் குழாய் இடப்படுகின்றது, பால் ஊற்றுமுன் நுனியை எவ்வாறு உறுதி செய்கின்றனர், எத்தனை முறை வழிதவறியது என்று எழுதிவைக்கும் ஒரு பதிவேட்டை ஒவ்வொரு வைத்தியசாலையும் வைத்திருக்கட்டும். பி.எச். தாள் பெரும் பணம் விழுங்கும் பொருளன்று. காற்றை ஊதிக் காதால் கேட்கும் வழக்கம் எங்கேனும் மிஞ்சியிருப்பின், அத்தாள் அவ்விடத்துக்கு முதலிற் போய்ச் சேரட்டும். அப்பதிவேட்டின் ஆண்டுக் கணக்கைச் சுகாதார அதிகாரிகள் மூடிவைக்காது, மூன்று மொழிகளிலும் அச்சிட்டு வெளியிடுமாறு நம் பிரதிநிதிகள் சபையிற் கேட்பாராக.