கடலடி எண்ணெய்: செல்வம் யாருக்கு, சாவு யாருக்கு?

தறி ஓட்டும் தோழரும் நாற்று நடும் தோழரும் கேட்கலாம்: நடுக்கடலில் கிடக்கும் எண்ணெய்க்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. பஸ் கட்டணத்திலும் இருக்கிறது, வயலுக்கு இடும் உரத்திலும் இருக்கிறது. மும்பைக் கடலின் எரிவாயுவைக் கொண்டு யூரியா செய்யத்தான் மராட்டியத்தின் தால் ஆலை அமைக்கப்பட்டது.

நாடு விடுதலை பெற்றபோது நம் எண்ணெய் வியாபாரம் பர்மா ஷெல், கால்டெக்ஸ் போன்ற அந்நியக் கம்பெனிகளின் பிடியில் இருந்தது. எண்ணெயை இறக்குமதி செய்து விற்றே கொள்ளை லாபம் கண்டவர்கள் நமக்காகப் பூமியைத் தோண்டுவார்களா? அந்த வேளையில் சோவியத் நாடு கைகொடுத்தது. அதன் நிபுணர்கள் வந்தார்கள். 1956-ல் எண்ணெய், இயற்கை வாயு கமிஷன் அமைந்தது. 1958-ல் காம்பேயிலும், 1960-ல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் பீறிட்டது. பிறகு சோவியத் ஆய்வுக் கப்பல் மேற்குக் கடலை அலசியது. 1974 பிப்ரவரியில், மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில், 'சாகர் சாம்ராட்' துளைத்த கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கியது. அதுதான் 'பாம்பே ஹை'. அது மக்கள் பணத்தில், பொதுத்துறையின் உழைப்பில் விளைந்த சொத்து.

அந்தச் சொத்துக்கு நேர்ந்தது என்ன? பொதுத்துறை கண்டுபிடித்த பன்னா-முக்தா வயல்களில் 60 சதவீதப் பங்கை 1994-ல் என்ரானுக்கும் ரிலையன்சுக்கும் தூக்கிக் கொடுத்தார்கள். 1976-ல் பர்மா ஷெல்லை நாட்டுடைமை ஆக்கிய இதே நாட்டில், 2025 ஜனவரியில், பாம்பே ஹையின் உற்பத்தியைப் பெருக்க பிரிட்டிஷ் கம்பெனியான பி.பி. தேர்வு செய்யப்பட்டது. கூடுதல் வருமானத்தில் அதற்குப் பங்கும் உண்டாம்!

லாபத்துக்குப் பங்காளிகள் பலர். சாவுக்கு? 2005 ஜூலை 27 அன்று, விரலில் காயம்பட்ட ஒரு சமையல்காரரை மேடைக்கு ஏற்றிவிட வந்த கப்பல், கொந்தளித்த கடலில் எரிவாயுக் குழாயில் மோதியது. மேடை எரிந்து விழுந்தது. 22 உயிர்கள் போயின. 2021 மே மாதம் டவ்தே புயல் வருமென்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். அப்படியிருந்தும், தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 என்ற மிதவைக் கப்பல் கடலிலேயே நின்றது. நங்கூரம் அறுந்து அது மூழ்கியபோது எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் காண்டிராக்ட் தொழிலாளர்கள்.

புயல் இயற்கையின் வேலை. எச்சரிக்கைக்குப் பின்னும் ஆட்களைக் கடலில் நிறுத்தி வைத்தது இயற்கையின் வேலையல்ல.

நாம் கேட்பது இதுதான்: மக்கள் கண்டெடுத்த எண்ணெய் மக்களிடமே இருக்கட்டும். கடலில் இறங்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு நிரந்தரத் தொழிலாளியின் பாதுகாப்பும் உரிமையும் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால், 'வேலை போதும், கரைக்குத் திரும்புவோம்' என்று சொல்லும் அதிகாரம் தொழிலாளியின் சங்கத்துக்கு வேண்டும். ஆலையிலும் வயலிலும் உழைக்கும் நாம் இந்தக் கோரிக்கையை நமது கோரிக்கையாக ஏற்று முழங்குவோம்!