துபாய் ஃப்ளாட்: கடனுக்கு 25 வருஷம், விசாவுக்கு எத்தனை வருஷம்?



"அண்ணாச்சி, மாசம் 6,000 திர்ஹாம் வாடகை தண்டமா போகுது. அதையே ஈ.எம்.ஐ.யா கட்டுனா வீடு நமக்குச் சொந்தமாயிரும்ல?"

கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம் பக்கமிருந்து துபாய் போன தம்பிங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. சிங்கப்பூர்ல வேலை பாக்குறவங்க யாரும் இதைக் கேக்குறதில்ல. அங்க 2023 ஏப்ரல்ல இருந்து வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கினா விலைக்கு மேல 60% கூடுதல் முத்திரை வரி. 15 லட்சம் டாலர் காண்டோவுக்கு 9 லட்சம் டாலர் வரி! அந்த அரசாங்கமே "வேண்டாம்பா"ன்னு சொல்லிருச்சு. கோலாலம்பூர்ல வெளிநாட்டுக்காரர் வாங்குற வீடு குறைஞ்சது 10 லட்சம் ரிங்கிட் இருக்கணும். ஆக, நடுத்தர சம்பளக்காரனுக்குக் கதவு திறந்திருக்கிற ஊர் துபாய்தான். 2002-ல் ஆரம்பிச்சு, 2006-ல் சட்டமாகவே போட்டு, குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டினர் முழு உரிமையோட வாங்கலாம்னு அனுமதிச்சுட்டாங்க.

கதவு திறந்திருக்குங்கிறதுக்காக உள்ள போயிடணுமா? என்னோட கருத்து: பெரும்பாலானவங்களுக்கு வேண்டாம். ஏன்னு கணக்கோட சொல்றேன்.

10 லட்சம் திர்ஹாம்ல ஒரு பெட்ரூம் ஃப்ளாட்னு வச்சுக்குவோம். முதல் வீடு வாங்குற வெளிநாட்டுக்காரருக்கு பேங்க் அதிகபட்சம் 80% கடன் தரும். உங்க கைப்பணம் 2 லட்சம். பதிவுக் கட்டணம் 4%, அது 40,000. புரோக்கர் கமிஷன் 2%, அதுக்கு மேல வாட் வரி, மொத்தம் 21,000. கடனைப் பதிவு பண்ண கால் சதவீதம், 2,000. சாவி கைக்கு வர்றதுக்குள்ள 2,63,000 திர்ஹாம் போயாச்சு. திர்ஹாமுக்கு 23 ரூபாய்னு போட்டாலே 60 லட்சம் ரூபாய். இதுல 63,000 திர்ஹாம் வீட்டுக்குள்ளேயே போகாத பணம். விக்கிறப்ப திரும்ப ஒரு கமிஷன். அதனால விலை கிட்டத்தட்ட 8% ஏறினாத்தான் போட்டது போட்டபடி வெளிய வர முடியும்.

அடுத்து மாசச் செலவு. 8 லட்சம் கடன், 4.5% வட்டி, 25 வருஷம்னா ஈ.எம்.ஐ. சுமார் 4,450. வாடகை 6,000-ஐ விடக் குறைவுதானேன்னு தோணும். சர்வீஸ் சார்ஜை மறந்துடாதீங்க. 700 சதுர அடிக்கு அடிக்கு 15 திர்ஹாம்னா வருஷம் 10,500. ஏசி ரிப்பேர், பெயிண்ட் எல்லாம் உங்க தலைல. அப்பவும் குடியிருக்கிற வரைக்கும் கணக்கு ஓரளவு சரியா வரும், ஒத்துக்கிறேன். சிக்கல் குடியிருக்க முடியாத அன்னைக்கு ஆரம்பிக்குது.

உங்க கடனுக்கு ஆயுசு 25 வருஷம். உங்க விசாவுக்கு? கம்பெனி வேண்டாம்னு சொல்ற நாள் வரைக்கும். வேலை போனா வேற வேலை தேட சில வாரமோ சில மாசமோதான் அவகாசம். ஃப்ளாட் உங்க பேர்லயே இருக்கும், அதை யாரும் பிடுங்கல. ஆனா ஈ.எம்.ஐ.யும் உங்க பேர்லயே இருக்குமே! நீங்க கோவில்பட்டிக்கு வந்து உக்காந்துக்கிட்டு மாசாமாசம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல அங்க அனுப்பணும்.

"வாடகைக்கு விட்டுட்டு வந்துருவேன் அண்ணாச்சி." சரி, வருஷ வாடகை 70,000 வருதுன்னு வைங்க. சர்வீஸ் சார்ஜ் போக, பாத்துக்கிற ஏஜென்ட்டுக்கு 5% போக, 56,000. ஈ.எம்.ஐ. 53,400. மிச்சம் 2,600 திர்ஹாம். ஒரே ஒரு மாசம் வீடு காலியா கெடந்தா கைக்காசு போடணும்.

வேலை போற நேரமும் வீட்டு விலை விழுற நேரமும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் வரும். 2008 கடைசில ஆரம்பிச்ச சரிவுல துபாய்ல விலை பாதிக்கும் கீழ போச்சு. வேலை போய், கடன் கட்ட முடியாம, காரை ஏர்போர்ட்டில் விட்டுட்டு ஊருக்குப் போனவங்க கதை உலகம் பூரா செய்தியாச்சு. திரும்ப 2014-ல் உச்சத்துல வாங்கினவங்க 2020 வரைக்கும் விலை இறங்குறதையே பாத்தாங்க. 2021-க்கு அப்புறம் வாங்கினவங்க சொல்ற லாபக் கதைய மட்டும் கேட்டுட்டு முடிவெடுக்காதீங்க.

நம்ம கரிசல்ல வீடு கட்டுறவன் முதல்ல மண்ணைத்தான் பாப்பான். மழைல உப்பும், கோடைல கால் நுழையுற அளவுக்கு வெடிக்கும். அதனால கடைக்கால் ஆழமாத் தோண்டி, மணலும் சரளையும் கொட்டி, செலவுல பெரும் பங்கை மண்ணுக்குள்ள போட்டுட்டுத்தான் செவுரை எழுப்புவான். அதே ஆளு சென்னை ஹோட்டல்ல நடக்குற புராப்பர்ட்டி கண்காட்சில, இன்னும் கட்டாத கட்டடத்தோட படத்தைப் பாத்துட்டு "மாசம் 1% கட்டினாப் போதும்"ங்கிறதுல மயங்கி டோக்கன் போடுறதுதான் எனக்குப் புரியல. பில்டருக்குக் கட்டுற பணம் எஸ்க்ரோ கணக்குல போகணும்னு 2007-ல் இருந்து அங்க சட்டம் இருக்கு, நல்ல பாதுகாப்புதான். ஆனா தாமதத்துக்கும் விலைச் சரிவுக்கும் அது காப்பு இல்லை.

அப்போ யார் வாங்கலாம்? மனைவி, பிள்ளைங்க அங்கயே, பள்ளிக்கூடமும் அங்கயே, இன்னும் ஏழெட்டு வருஷம் இருப்போம்னு நியாயமான நம்பிக்கை, ஒரு வருஷ ஈ.எம்.ஐ. தனியா கையிருப்பு, கட்டி முடிச்ச வீடு. இது அத்தனையும் இருந்தா வாங்குங்க. 20 லட்சம் திர்ஹாம் சொத்துக்கு 10 வருஷ கோல்டன் விசா உண்டு. அந்த அளவுக்குப் போறவங்களுக்கு நான் சொன்ன விசா பயம் குறையும். கடனே இல்லாம வாங்க முடிஞ்சவங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கு: 2005-ல் 12 ரூபாயா இருந்த திர்ஹாம் இப்போ 23-க்கு மேல.

ஊர்ல நிலம் வாங்கலாம்னு பாத்தா, என்.ஆர்.ஐ. விவசாய நிலம் வாங்க ஃபெமா விதில அனுமதி இல்ல. பூர்வீகமா வந்தா வச்சுக்கலாம். வீட்டு மனை வாங்கலாம். அப்பா பேர்ல கரிசக்காடு வாங்குறது தனிக் கதை, அதை இன்னொரு நாள் பேசுவோம். மண்ணோ கட்டடமோ கட்டாயம் வேணுமா என்ன? வாடகைக்கே இருந்துட்டு அந்த 60 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டு, என்.ஆர்.இ. டெபாசிட்னு பிரிச்சுப் போட்டவன், வேலை போன மறுநாள் நிம்மதியா விமானம் ஏறுவான்.

ஏற்கெனவே வாங்கிட்டவங்களுக்கு ரெண்டு விஷயம். ஊர் திரும்பினதும் அந்த ஃப்ளாட்டை விக்கணும்னு கட்டாயம் இல்ல, ஃபெமா சட்டம் வச்சுக்க விடுது. ஆனா நீங்க இங்க முழு ரெசிடென்ட் ஆன வருஷத்துல இருந்து, வாடகையே வராட்டியும் வருமான வரி ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்துப் பகுதில அதைக் காட்டணும். காட்டாம விட்டா கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம்.

ரெண்டாவது, உயில். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, கோவில்பட்டி தாலுகா ஆபீஸ்ல வாங்குற வாரிசுச் சான்றிதழை மட்டும் வச்சு உங்க வீட்டம்மா அங்க பேர் மாத்த முடியாது; அந்த ஊர் கோர்ட் உத்தரவு வேணும். முஸ்லிம் அல்லாதவங்க 2015-ல் இருந்து துபாய் டி.ஐ.எஃப்.சி.யில் ஆங்கிலத்துலயே உயில் பதிவு பண்ணலாம். லீவுக்கு ஊருக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அதை முடிச்சுட்டு, ஒரு காப்பியை வீட்டு பீரோவுல வச்சுட்டு வாங்க.