கழித்த பேட்டரி யாருக்கு?

மின்சாரக் கார்களும் ஸ்கூட்டர்களும் பட்டணத்தை விட்டுக் கிராமச் சாலைகளுக்கும் வந்துவிட்டன. வண்டி வந்ததைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால், அந்த வண்டியின் பேட்டரி ஓய்ந்துபோனால் அது எங்கே போகும், யாருக்குப் பயன்படும், யாருக்குக் கேடாய் முடியும் என்று யோசிப்பவர்கள் மிகச் சிலரேயாவார்கள். அதைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

முதலாவதாக, கார் பேட்டரி “செத்துப்போயிற்று” என்று சொல்லுவதே தவறாகும். புதிதில் 100 பங்கு மின்சாரம் பிடித்த பேட்டரி, சில வருஷ ஓட்டத்துக்குப் பின் 70, 80 பங்குக்கு இறங்கிவிட்டால் காருக்கு உதவாதென்று கழிக்கப்படுகிறது. ஏனெனில், கார் வேகமாய் ஓட வேண்டும். மேடு ஏற வேண்டும். பேட்டரியின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஆனால், ஒரு அறையின் மூலையில் அசையாமல் இருந்து, பகலில் சூரியத் தகடு கொடுக்கும் மின்சாரத்தை வாங்கி வைத்து, இரவில் விளக்குக்கும் விசிறிக்கும் கொடுக்கும் வேலைக்கு அந்த 70 பங்கு தாராளமாய்ப் போதும். கரும்பைப் பிழிந்த பின் சக்கையை யாராவது வீணென்று எறிகிறார்களா? மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் வாழுகிற ரிஷிவந்தியத்தாருக்கு, சக்கையும் சரக்குதான் என்பதை ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

கணக்கும் பார்த்துவிடுவோம். 2020-ல் விற்பனைக்கு வந்த டாடா நெக்சான் மின்சாரக் காரின் பேட்டரி சுமார் 30 யூனிட் பிடிக்கும். அது 70 பங்குக்கு இறங்கினாலும் 21 யூனிட் நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டோடு காலந்தள்ளும் ஏழை வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் யூனிட்டுக்குள்தான் செலவு. ஆகவே, சேதாரம் போகப் பத்து வீட்டின் ஒரு நாள் செலவை ஒரு கழித்த பேட்டரி தாங்கும். கல்வராயன் மலையில் காற்றிலும் மழையிலும் மரம் சாய்ந்து கம்பி அறுந்துபோனால், சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பதற்கும் தடுப்பு மருந்தைக் குளிர்ச்சியில் வைப்பதற்கும் இது எவ்வளவு பெரிய உதவியென்று யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் ஆசை வார்த்தையென்று சிலர் சொல்லக்கூடும். 2011-ல் அணு உலை விபத்தினால் ஜனங்கள் காலிசெய்த ஜப்பானின் நமியே ஊரில், 2018-ல் நிஸ்ஸான் கம்பெனியார் கழித்த கார் பேட்டரியைக் கொண்டு சூரியத் தெருவிளக்கு எரித்துக் காட்டினார்கள். அதே வருஷம் ஆம்ஸ்டர்டாம் கால்பந்து மைதானத்தில், 148 கார்களின் பேட்டரிக்குச் சமமானதைப் புதியதும் பழையதுமாகச் சேர்த்து வைத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? பெங்களூரிலும் பெர்லினிலும் வேலை செய்யும் நுனம் என்ற ஸ்தாபனத்தார், ஆடி கம்பெனியின் பரீட்சைக் கார்களில் ஓடிய பேட்டரிகளைக் கொண்டு மூன்று மின்சார ரிக்ஷாக்கள் செய்திருப்பதாக 2022-ல் அறிவித்தார்கள். ரிக்ஷாவுக்கும் உதவாமற் போன பிறகு அதே பேட்டரி விளக்கெரிக்கப் போகலாம் என்பது அவர்கள் திட்டம்.

நிற்க. இதனால் யாரோ கொண்டுவந்து தள்ளுகிற பழைய பேட்டரியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் கருதிவிட வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பற்றியதில் தகப்பனும் மகளும் உயிரிழந்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் கடையில் பிடித்த தீயின் புகை மேலேயிருந்த விடுதியைச் சூழ்ந்து 8 பேர் மாண்டார்கள். ஓடுகிற வண்டிக்கும் விற்கிற வண்டிக்குமே இந்தக் கதியென்றால், கழித்ததற்கு எவ்வளவு பரீட்சை வேண்டும்! பேட்டரி என்பது பல செல்கள் சேர்ந்த கட்டு. சில செல்கள் முன்னதாகவே நலிந்துவிடும். ஒவ்வொன்றையும் சோதித்து, நலிந்ததை நீக்கி, வோல்ட்டேஜையும் சூட்டையும் கண்காணிக்கும் மின்னணுப் பலகையைப் பொருத்தினால்தான் அது பத்திரமானது. ஆயுத பூஜையன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறவர்களைக் கேட்கிறோம்: அந்தச் செல்லின் சூட்டை எலுமிச்சம்பழமா கவனிக்கப் போகிறது?

2022 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் பேட்டரிக் கழிவு விதிகள் போட்டார்கள். பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனியே அதன் கழிவுக்கும் பொறுப்பு. புதுப்பிக்கிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். புதைக்கவும் எரிக்கவும் கூடாது என்பது சட்டம். சட்டம் நல்லதுதான். ஆனால் காயலான் கடையில் சுத்தியால் பேட்டரியை உடைக்கிற பையனுக்கு அந்தச் சட்டத்தை யார் படித்துக் காட்டினார்கள்? நல்ல பேட்டரி பணக்காரன் மாளிகைக்கும், உடைந்த பேட்டரியின் விஷப்புகை ஏழைப் பையனுக்கும் என்றால், இதில் முன்னேற்றம் எங்கே இருக்கிறது?

புது பேட்டரியின் விலையே இறங்கி வருகிறதே, பழையதைச் சோதிக்கும் கூலி எதற்கென்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. கணக்குப் பார்த்து, புதியது மலிவானால் புதியதையே வாங்க வேண்டியதுதான். பழமையென்பதற்காக எதையும் கட்டியழுவது நமது வேலையல்ல. ஆனால் லித்தியமும் கோபால்ட்டும் நம் நாட்டுக்கு வெளியிலிருந்து வருகிறவை. உலகத்துக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ நாட்டுச் சுரங்கத்தில் தோண்டப்படுகிறது. அப்படித் தோண்டியதை முழுப்பலனும் பெறாமல் உருக்குவது புத்திசாலித்தனமாகுமா?

ஆகவே நாம் கேட்பது மூன்றே. கழித்த ஒவ்வொரு பேட்டரியோடும் அதன் வயதும் பலமும் எழுதிய பரீட்சைச் சீட்டைக் கம்பெனி கொடுக்க வேண்டும். நமது ஐ.டி.ஐ.களில் இந்தச் சோதனை வேலையை நம் பையன்களுக்கும் பெண்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். சோதித்துத் தேறிய பேட்டரி முதலில் மலையூர்ப் பள்ளிக்கூடத்துக்கும் சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள். “இது நமக்கெதற்கு” என்று சொல்லுகிறவர்களிடம், விளக்கணைந்த பிரசவ அறையில் இருப்பது யார் வீட்டுப் பெண் என்று திருப்பிக் கேளுங்கள்.