சாய்மனைக் கதிரையில் இருப்பது யார்?

நாவல் என்றால் தனியாகத்தான் வாசிக்க வேண்டும் என்பது நம்மிடையே எழுதாத சட்டமாகிவிட்டது. பாடப்புத்தகத்தை வகுப்பில் சேர்ந்து வாசிக்கிறோம். குர்ஆனை மதரசாவில் சேர்ந்து ஓதுகிறோம். கதைப்புத்தகம் மட்டும் அறைக்குள், தலையணைக்குப் பக்கத்தில், உம்மா கூப்பிடும் வரைக்கும். இதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் சில நாவல்கள் தனியே வாசிக்கும்போது பாதிதான் பிடிபடுகின்றன. சிரிக்க வைத்துக்கொண்டே நெஞ்சில் முள் ஏற்றுகிற நாவல்கள் அப்படிப்பட்டவை. அவற்றை நாலு பேர் கூடியிருந்து, வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதிலும் முஸ்லிம் மாணவிகளாகிய நாம் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யை எங்கள் வாசிப்பு வட்டத்தில் வாசித்த பிறகே இதை உறுதியாகச் சொல்லத் துணிகிறேன்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில வரிகள். மீரான் 1944 இல் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில் படித்தவர். திருநெல்வேலியில் மிளகாய் வியாபாரம் செய்துகொண்டே நாவல்கள் எழுதினார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988 இலும், 'துறைமுகம்' 1991 இலும், 'கூனன் தோப்பு' 1993 இலும் வெளிவந்தன. 'சாய்வு நாற்காலி'க்கு 1997 இல் இந்தியாவின் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. 2019 மே மாதத்தில் அவர் காலமானார். பள்ளியில் தமிழ் படிக்காத ஒருவர் தமிழின் முக்கிய நாவலாசிரியரானார் என்பது, தமிழ்ப்பாடத்தில் புள்ளி குறைந்தால் கண்ணீர் விடும் நமக்கெல்லாம் ஓர் ஆறுதல்.

நாவலின் நாயகன் முஸ்தபாக்கண்ணு. நாயகன் என்ற சொல்லை எழுதவே கை கூசுகிறது. அவர் செய்யும் பெரிய வேலை சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருப்பது. அவருடைய மூதாதை ஒருவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவுக்கு உதவி செய்து சொத்தும் சிறப்பும் பெற்றவர். அந்தப் பெருமையில்தான் முஸ்தபாக்கண்ணு மூச்சு விடுகிறார். 'சௌதா மன்ஸில்' என்ற அந்தப் பெரிய வீட்டில் பெருமை இருக்கிறது, வருமானம் இல்லை. நாக்குக்கு மட்டும் ருசி குறையவில்லை. ஆகவே வீட்டிலுள்ள பழம்பொருட்கள் ஒவ்வொன்றாக விலையாகின்றன. பாட்டன் சேர்த்ததைப் பேரன் சாப்பிடுகிறார். சாப்பிட்டுவிட்டு, கதிரையில் சாய்ந்து, பாட்டன் பெருமையைப் பேசுகிறார்.

இதை நான் இப்படிச் சுருக்கிச் சொல்லும்போதே சிரிப்பு வருகிறதல்லவா? எங்களுக்கும் வந்தது. எங்களிடம் இருந்தது ஒரேயொரு பிரதி. இந்தியாவிலிருந்து வரும் புத்தகங்களின் விலை நமக்குத் தெரியும். ஆளுக்கொன்று வாங்கும் வசதி இல்லை. எட்டுப் பேரும் சனிக்கிழமைகளில் ளுஹருக்கும் அஸருக்கும் இடையில் கூடினோம். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்பது, பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது என்று ஏற்பாடு. இல்லாமையால் வந்த இந்த ஏற்பாடுதான் பிறகு எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதியாயிற்று.

முதல் வசதி மொழி. மீரானின் தமிழ் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ். மலையாளமும் அரபும் அதில் கலந்து ஓடுகின்றன. கண்ணால் வாசித்தால் பக்கத்துக்கு நாலு இடத்தில் தடுக்கும். வாயால் வாசித்தால் அப்படியில்லை. வாப்பா, உம்மா என்ற அழைப்புகளும் மார்க்கச் சொற்களும் நம் வீட்டில் கேட்பவைதானே! எழுத்தில் அந்நியமாகத் தெரிந்தது காதில் விழும்போது உறவாகிவிடுகிறது. நாற்காலிக்கு நாம் கதிரை என்போம். சாய்வு நாற்காலிக்குச் சாய்மனைக் கதிரை. அந்தச் சொல்லை எங்களில் ஒருத்தி சொன்ன உடனே, நாவலில் இருந்த கதிரை எங்கள் விறாந்தைக்கு வந்துவிட்டது.

இரண்டாவது வசதிதான் முக்கியமானது. கூடியிருந்து வாசிக்கும்போது யார் எங்கே சிரிக்கிறார், யார் எங்கே சிரிப்பை நிறுத்துகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. தனியே வாசிப்பவளுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தான் சிரித்தது சரியா என்று அவளை யாரும் கேட்பதில்லை.

அந்த வீட்டில் ஒரு பிரம்பு இருக்கிறது. குடும்பத்துப் பெண்களை அடக்கி வைப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்பட்டு வரும் பிரம்பு. அதற்குப் பெயர் 'அதபுப் பிரம்பு'. அவர்கள் பேச்சில் 'அதப் பிராம்பு'. அதபு என்றால் ஒழுக்கம், மரியாதை, பண்பாடு. மதரசாவில் முதன்முதலாக நாம் படிக்கும் சொற்களில் ஒன்று. பெரியவர்களுக்கு ஸலாம் சொல்வது அதபு. வலது கையால் சாப்பிடுவது அதபு. அந்த நாவலில் பெண்ணை அடிக்கும் பிரம்புக்கு அந்தப் பெயர். முதல் தடவை அந்தப் பெயர் வந்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பெயர் வைத்த விதம் அப்படி. அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் பிரம்பு மறுபடி மறுபடி வந்தது. சிரிப்பவர்களின் தொகை குறைந்துகொண்டே போயிற்று. மனைவி மரியம்பீவி வரும் இடமொன்றை வாசித்துக்கொண்டிருந்தவள் வாசிப்பை நிறுத்திவிட்டு, "இதை வேற ஆரும் வாசிங்க" என்று புத்தகத்தை நீட்டினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கி அடுத்தவள் தொடர்ந்தாள்.

கறுப்பு நகைச்சுவை என்று விமர்சகர்கள் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். சிரிப்பு அங்கே இனிப்பு மாதிரிக் கொடுக்கப்படுவதில்லை. சிரித்து முடித்தபின், எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று நம்மையே திரும்பிப் பார்க்க வைப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது. ஒரு கட்டுரை எழுதி, பெண்ணை அடிப்பது பாவம் என்று மீரான் சொல்லியிருந்தால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். முஸ்தபாக்கண்ணுவைக் கோமாளியாக்கி, நம்மைச் சிரிக்க வைத்து, பிறகு அந்தக் கோமாளியின் கையில் பிரம்பைக் கொடுக்கிறார். நம்மால் தலையாட்டிவிட்டுப் போக முடிவதில்லை.

இனி, இத்தகைய நாவலை மாணவிகள் வாசிக்கலாமா என்ற கேள்வி. எங்கள் வீடுகளிலும் இது எழுந்தது. நம்முடைய குறையை நாமே ஊருக்குச் சொல்லலாமா, பிறர் அதை எடுத்து நம்மீது எறிய மாட்டார்களா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சிறுபான்மையாக வாழ்பவர்களுக்கு இந்தப் பயம் வருவது இயல்பு. அதை ஏளனம் செய்ய மாட்டேன். ஆனாலும் மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, இந்த மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. கே. டானியல் 1972 இல் 'பஞ்சமர்' நாவலில் யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை எழுதினார். அதை விரும்பாதவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த எழுத்தால் யாழ்ப்பாணம் தாழ்ந்துபோகவில்லை. இன்று பல்கலைக்கழகங்களில் டானியலை ஆய்வு செய்கிறார்கள். தன் குறையைத் தானே எழுதும் சமூகத்தைப் பார்த்து உலகம் நகைப்பதில்லை.

இரண்டு, அந்தப் பிரம்பு மார்க்கம் தந்ததல்ல. நபி (ஸல்) அவர்கள் தமது கையால் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பிறகு அந்தப் பிரம்புக்கு அதபு என்ற பெயர் எங்கிருந்து வந்தது? வழக்கத்துக்கு மார்க்கத்தின் உடையை உடுத்திவிட்டவர்களிடமிருந்து வந்தது. நாவல் அந்த உடையைத்தான் களைகிறது. அதைக் கண்டு மார்க்கம் உள்ளவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

மூன்று, நாவல் என்பது நமக்கு வெளியாரிடமிருந்து வந்த இரவல் பொருள் அல்ல. இலங்கையில் வெளிவந்த முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் 'அஸன்பேயுடைய கதை'யை 1885 இல் எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை. முஸ்லிம்களின் நவீன கல்விக்காகவும் பெண் கல்விக்காகவும் உழைத்த அதே சித்திலெப்பை. பள்ளிக்கூடமும் நாவலும் ஒருவருடைய கையிலிருந்தே நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்பது எப்படிப் பொருந்தும்?

இவற்றையெல்லாம்விடக் கடினமான கேள்வி ஒன்றை எங்கள் வட்டத்துக்குக் கொண்டுவந்தவர் வட்டத்தில் இல்லாத ஒருவர். தோழி ஒருத்தி வாரந்தோறும் வீட்டுக்குப் போய்த் தன் உம்மம்மாவுக்குக் கதை சொல்லுவாள். உம்மம்மாவும் சிரித்துச் சிரித்துக் கேட்பாராம். ஒருநாள் சிரிக்கவில்லை. "அவன் தானே வித்துத் திண்டான். எங்கட வீட்டை நாங்க விக்கேல்லையே" என்று மட்டும் சொன்னாராம்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் பத்துப் பக்கம்கூட வாசிக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30 இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட வரலாற்றை இந்த இதழை வாசிக்கும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. புத்தளத்திலும் வேறு ஊர்களிலும் பிறந்து வளர்ந்து, பின்னர் இங்கே வந்தவர்கள் எங்களுள் பலர். சோனகத்தெருவில் இருந்த வீடு, கடை, முற்றத்து மாமரம் எல்லாம் எங்களுக்குப் பெரியவர்களின் வாய்ச்சொல்தான். அப்படியானால் பழம்பெருமை பேசும் முஸ்தபாக்கண்ணுவைப் பார்த்துச் சிரிக்கும்போது, எங்கள் பெரியவர்களைப் பார்த்தும் சிரிக்கிறோமா?

இல்லை என்பதே எட்டுப் பேரும் நெடுநேரம் பேசி வந்தடைந்த முடிவு. ஆனால் அந்த 'இல்லை'யைக் காரணத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. முஸ்தபாக்கண்ணு பழமையைப் பேசுவது, இருக்கிற சோம்பலை மூடுவதற்கு. உம்மம்மா பழமையைப் பேசுவது, நடந்த அநியாயம் மறக்கப்படாமல் இருப்பதற்கு. அவருடைய நினைவு சாட்சி. முஸ்தபாக்கண்ணுவின் நினைவு சாய்மனைக் கதிரை. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். அதனால்தான் பிரித்தறியும் பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறையாகிய எங்களுக்கே அதிகம் வேண்டும் என்று சேர்த்துச் சொல்வேன். உம்மம்மாவிடம் சாட்சியாக இருப்பது, நாங்கள் கவனமில்லாமல் வாங்கிக்கொண்டால், எங்கள் கையில் கதிரையாக மாறிவிடும். எங்களுக்கு அப்படி ஒரு காலம் இருந்தது என்று சொல்லிக்கொண்டு, இந்தக் காலத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் சாய்ந்துவிடலாம். நடந்ததை எழுதி வைப்பது, பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது, படித்து முன்னேறுவது எல்லாம் எழுந்து நின்று செய்யும் வேலைகள். இந்தப் பேச்சு நாவலில் அச்சாகியிருக்கவில்லை. கன்னியாகுமரிக் கடலோரத்துக் கதையொன்று யாழ்ப்பாணத்து உம்மம்மா ஒருவரின் காதில் விழுந்ததால் பிறந்தது. அறைக்குள் தனியே வாசித்திருந்தால் எங்களுக்கு இது கிடைத்திராது.

வாசிப்பு வட்டம் தொடங்க விரும்பும் தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். பிரதி ஒன்று போதும். வாய்விட்டு வாசியுங்கள். வேகமாக முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு மூன்று மாதம் எடுத்தது, உயர்தரப் பரீட்சைக்கு ஒரு குறையும் வரவில்லை. நல்ல மனிதர்கள் மட்டும் வரும் கதைகளையே தேடாதீர்கள். வாசித்து முடித்ததும் 'இக்கதை கூறும் படிப்பினை' என்று வினாத்தாளுக்கு விடை எழுதுவதைப்போல ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். யாராவது சிரிக்காமல் இருந்தால் அவளைக் கொஞ்சம் கவனியுங்கள். கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள். வீட்டுக்குப் போய்க் கதையைச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களும் அப்போது உங்கள் வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

'சாய்வு நாற்காலி'யின் முடிவை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதை நீங்களே வாசிக்க வேண்டும். எங்கள் அடுத்த புத்தகமாக வைக்கம் முகம்மது பஷீரின் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' நாவலைத் தெரிவு செய்திருக்கிறோம். 1951 இல் மலையாளத்தில் வந்தது, குளச்சல் மு. யூசுப் தமிழில் தந்திருக்கிறார். அங்கேயும் ஒரு குடும்பம் பாட்டனின் யானையைப் பற்றிப் பேசிப் பேசியே வாழ்கிறது. அந்த வீட்டுப் பெண்பிள்ளை குஞ்ஞுபாத்தும்மா எழுத்துக் கற்றுக்கொள்கிறாள். இந்த முறையும் பிரதி ஒன்றுதான். உம்மம்மா இப்போதே கேட்டுவிட்டாராம், "ஆனைக்கதை எப்ப துவங்கிறது?" என்று.