ஊசியை ஏன் பறிக்க வேண்டும்?

சித்திரை பிறந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், எங்கள் நீரிழிவுப் பிரிவில் முறைக்குக் காத்திருக்கும் தாய்மார்களின் பேச்சு மாறிவிடுகிறது. சர்க்கரை அளவும் மாத்திரையும் பின்னுக்குப் போக, பேரப்பிள்ளைகளின் வருகை முன்னுக்கு வருகிறது. மூலையில் துணி மூடிக் கிடந்த தையல் எந்திரத்துக்கு எண்ணெய் இடப்படுகிறது. பெட்டியில் மடித்து வைத்த பழம்புடவைகள் வெளியே எடுக்கப்படுகின்றன. பேத்திக்கு ஒரு பாவாடை, தலையணைகளுக்குப் புதிய உறை, தையற்கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை எனக் கோடைக்கான வேலைகள் காத்து நிற்கின்றன. இறுதியில் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “நான் தைக்கலாமா, டாக்டர்?”

இக்கேள்விக்கு நாங்கள் நெடுங்காலம் தவறான விடையைச் சொல்லி வந்தோம். அதை ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் பாதம் வீங்கிச் சிவந்து, காய்ச்சலுடன் எங்களிடம் வந்தார். எப்போது அடிபட்டது என்று கேட்டோம், தெரியவில்லை என்றார். வலிக்கிறதா என்று கேட்டோம், இல்லை என்றார். எக்ஸ்ரே படத்தில் பாதத்தின் நடுவே மெல்லிய வெண்கோடு ஒன்று தெரிந்தது. அது முறிந்த தையல் ஊசியின் பாதி. பத்து நாள்களுக்கு முன் தைக்கும்போது ஊசி முறிந்ததும், அதன் ஒரு பாதி தேடியும் கிடைக்காமற்போனதும் அப்போதுதான் அவருடைய நினைவுக்கு வந்தன. அந்தப் பாதியைக் காலில் தாங்கிக்கொண்டே அவர் சமைத்திருக்கிறார், கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார்.

அறுவை சிகிச்சையில் ஊசி எடுக்கப்பட்டது, சீழ் வெளியேற்றப்பட்டது, கால் தப்பியது. வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் எழுதிக் கொடுத்த அறிவுரைகளில் ஒரு வரி, “இனித் தையல் வேலை கூடாது” என்பது. குடும்பத்தார் அதை முழு மனத்துடன் ஏற்றனர். மகன் தையல் எந்திரத்தை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மையார் மறுபரிசோதனைக்கு வந்தார். புண் ஆறியிருந்தது. சர்க்கரை அளவோ முன்னைவிட மோசமாக இருந்தது. உடன் வந்த மகள், “அம்மா இப்போதெல்லாம் பேசுவதே குறைந்துவிட்டது, டாக்டர். பகல் முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரனுக்குத் தைத்த மாதிரி பேத்திக்கும் ஒரு போர்வை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது பாதியில் கிடக்கிறது” என்றார். அதுவரை பேசாமல் இருந்த அம்மையார் எங்களைப் பார்த்து, “நான் செருப்புப் போட்டுக்கொண்டு தைத்தால் ஆகாதா?” என்று கேட்டார்.

எங்களில் ஒருவருக்கும் உடனே விடை வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. நோயின் மூலம் எது என்பதை அவர் எங்களைவிடத் தெளிவாகக் கண்டிருந்தார்.

அவருடைய காலுக்குத் தீங்கு செய்தது தையல் அன்று. பல ஆண்டு நீரிழிவால் பாதத்தின் நரம்புகள் உணர்விழந்திருந்ததும், அந்தப் பாதம் வெறுங்காலாகத் தரையில் நடந்ததுமே தீங்கு செய்தன. அதே பாதத்தில் ஒரு முள்ளோ, கண்ணாடித் துண்டோ, இன்சுலின் போட்டுக்கொண்டபின் கைதவறி விழுந்த ஊசியோ ஏறியிருக்கலாம். தையலைத் தடுத்துவிட்டு வெறுங்கால் நடையைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் அனுப்பியது எங்கள் பிழை. உணர்விழப்பைக் கண்டறிய எங்களிடமும் ஓர் இழை உண்டு. பத்துக் கிராம் விசையில் வளையும் மெல்லிய நைலான் இழை அது, அதைப் பாதத்தில் தொட்டு, “தெரிகிறதா?” என்று கேட்போம். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனை அவருக்கு அதற்கு முந்தைய ஆண்டில் செய்யப்படவில்லை.

“கூடாது” என்று சொல்வது மருத்துவர்களுக்கு எளிது. அதற்குச் செலவில்லை, விளக்க நேரமும் வேண்டியதில்லை. ஆனால் கூடாது என்ற சொல்லின் விலையை நோயாளியே கொடுக்கிறார். வீட்டில் தைக்கும் பெண்ணுக்கு அது பேத்தியின் போர்வை. தையற்கடை நடத்துபவருக்கு அது அன்றாட வருமானம். தையற்காரரிடம் தைக்காதே என்று எழுதிக் கொடுத்தால், அவர் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளும் எந்திரத்தின் முன் அமர்வார். மறுமுறை நம்மிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்.

கை வேலைக்கு மருத்துவத்தில் இடமுண்டு என்பது புதிய செய்தியும் அன்று. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனைகளில் பூத்தையல் கற்றுக்கொடுத்தனர். அவ்வாறு தைத்த வீரர்களின் கைவண்ணமான பலிபீடத் திரை ஒன்று, 1919ஆம் ஆண்டு லண்டன் புனித பவுல் பேராலயத்தில் நடைபெற்ற நன்றி வழிபாட்டில் இடம்பெற்றது. நம் நாட்டில் வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே இழை உருவி, ஓட்டுத் தையலால் காந்தா என்னும் போர்வை தைக்கின்றனர். அப்பெயரும் நம் ‘கந்தை’ என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் வண்ணத் துண்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே செல்கின்றனர். நம் வீடுகளிலும் பிறந்த குழந்தைக்கு விரிக்கும் முதல் விரிப்பு, பாட்டியின் பழம்புடவையை நான்காக மடித்துத் தைத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. தலைமுறைகளாகக் கைகள் செய்துவந்த வேலையை ஒரு வரியில் நிறுத்த எங்களுக்கு வலுவான காரணம் வேண்டும்.

தையல் சர்க்கரையைக் குறைக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மாத்திரை, உணவு, நடை ஆகியவற்றின் இடத்தைத் தையல் பிடிக்காது. ஆனால் நாளைக்கு என்ன செய்வது என்ற எண்ணத்தோடு எழுபவர் மருந்தையும் மறவாமல் உட்கொள்வதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஆகவே இப்போது எங்கள் பிரிவில் தடைக்கு மாறாக முறையைச் சொல்லித் தருகிறோம். அவற்றுள் சில வருமாறு.

முதலாவது, ஊசிக் கணக்கு. அறுவை அரங்கில் ஊசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கிய பின்னரே காயத்தை மூடுவர். வீட்டிலும் அவ்வாறே செய்யலாம். ஐந்து ஊசி எடுத்தால், எழும்போது ஐந்தும் பஞ்சுப் பொதியில் இருக்க வேண்டும். குறைந்தால் தேடாமல் எழக்கூடாது. ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டினால் ஊசி அகப்படும். முறிந்த ஊசிகளையும் இன்சுலின் ஊசிகளையும் மூடியுள்ள கடினமான டப்பாவில் இட வேண்டும்.

இரண்டாவது, காலணி. வீட்டுக்குள் செருப்பணியும் வழக்கம் நம்மிடம் இல்லை. உணர்விழந்த பாதமுடையோர் வீட்டுக்கென்றே தனியாக ஒரு மென்மையான எம்.சி.ஆர். செருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். எந்திரத்தின் இரும்பு மிதியையும் வெறுங்காலால் மிதிக்கலாகாது. இரவில் இரு பாதங்களையும் பார்க்க வேண்டும்; குனிய முடியாதவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நேரம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து சிறிது நடக்க வேண்டும். “இந்த வரியை முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன்” என்பது இன்சுலினோ, சர்க்கரையை மிகுதியாகக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு ஆபத்தான சொல். கை நடுங்கி, வியர்த்து, படபடப்புத் தோன்றினால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 70 மி.கி.க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். கருவி இல்லையெனில் காத்திராமல் முதலில் சர்க்கரையைக் குடித்துவிட வேண்டும். கத்தரி வெயிலில் வியர்வையைப் புழுக்கம் என்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

நான்காவது, விரல்கள். வீட்டில் சர்க்கரை சோதிக்கும்போது ஊசி பிடிக்கும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் குத்த வேண்டாம். மறுகையின் மோதிர விரலில், நுனியை விட்டுப் பக்கவாட்டில் குத்தினால் தையலுக்கும் இடையூறு இல்லை, வலியும் குறைவு. தைக்கும்போது விரல் நுனியில் உலோக உறை மாட்டிக்கொள்வது நல்லது.

தையல் நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஊசிக் காதில் நூல் கோக்க முடியாமற்போவது நாற்பது வயதுக்குமேல் இயல்பான வெள்ளெழுத்தாக இருக்கலாம். விழித்திரைப் பாதிப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனை தேவை. திடீரெனப் பார்வை மங்கினால் அன்றே வர வேண்டும். இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போவதும், ஊசி கையிலிருந்து நழுவுவதும் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டதன் அறிகுறியாகலாம். கைகூப்பிப் பாருங்கள், உள்ளங்கைகள் முழுதும் ஒட்டவில்லையெனில் எங்களிடம் சொல்லுங்கள். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

தைக்க வேண்டாம் என்று இன்றும் சிலருக்குச் சிறிது காலம் சொல்லத்தான் செய்கிறோம். கையில் ஆறாத புண் உள்ளோரும் கண் அறுவை முடிந்தோரும் அந்தந்த மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். மாறாக, பாதத்தில் புண் இருப்பதால் வாரக்கணக்கில் நடக்கக்கூடாதென்று படுக்கையில் இருப்போருக்குக் கைத்தையலைவிடப் பொருத்தமான வேலை அரிது.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். எந்திரத்தை உறவினர் வீட்டுக்கு அனுப்பும் முன், அதன் பக்கத்தில் நல்ல விளக்கு ஒன்று மாட்டிக் கொடுங்கள். முதுகு சாயும் நாற்காலி ஒன்று போடுங்கள். நூல் கோத்துத் தருவதைப் பேரப்பிள்ளைகளின் வேலையாக்குங்கள். ஊசி எண்ணுவதையும் அவர்களுக்கே கொடுக்கலாம். அன்பினால்தான் நீங்கள் தடுக்கிறீர்கள் என்பதை அறிவோம். நாங்களும் அவ்வாறே தடுத்தோம்.

அந்த அம்மையாரின் எந்திரம் வீடு திரும்பியது. அடுத்த கோடையில் அவர் செருப்பணிந்த கால்களுடன் எங்கள் முன் அமர்ந்து, பையிலிருந்து பேத்தியின் போர்வையை எடுத்துக் காட்டினார். சர்க்கரை அளவு இன்னும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அதைப் பற்றியும் பேசினோம். பாதங்களில் புதுப்புண் இல்லை.

இக்கோடையில் எங்களிடம் வருவோர் என்ன தைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தால் நினைவூட்டுங்கள். கேட்டபின் பாதங்களையும் பார்ப்போம்.