வாட்ச்மென்: விசுவாசத்தால் தோற்ற படம்

ஸாக் ஸ்னைடர் இயக்கிய 'வாட்ச்மென்' 2009 மார்ச்சில் வெளியானபோது எங்களில் சிலர் பெரும் எதிர்பார்ப்போடு சென்று, சொல்லத் தெரியாத ஏமாற்றத்தோடு திரும்பினோம். படத்தில் இன்ன குறை என்று உடனே சுட்ட முடியவில்லை. படக்கதையின் கட்டங்கள் அப்படியே திரையில் இருந்தன. வசனங்கள் பலவும் இருந்தன. உடைகளும் தெருக்களும் ரத்தத்துளி தெறித்த அந்த மஞ்சள் சிரிப்புப் பொத்தானும்கூட இருந்தன. எல்லாம் இருந்தும் நாங்கள் வாசித்த படைப்பு மட்டும் அங்கே இல்லை. அண்மையில் மூலத்தை மறுவாசிப்பு செய்து, படத்தையும் திரும்பப் பார்த்தபோது அந்த ஏமாற்றத்தின் காரணம் ஓரளவு துலங்கியது. அதை இங்கே பதிவு செய்வது பயனுள்ளது என்று நினைக்கிறோம்.

ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' 1986-87இல் டி.சி. காமிக்ஸ் வெளியீடாக 12 இதழ்களில் வந்தது. முகமூடி அணிந்து நீதி வழங்கப் புறப்படும் மனிதர்கள் உண்மையாகவே இருந்தால் அவர்கள் யாராக இருப்பார்கள் என்ற ஒற்றைக் கேள்விதான் அதன் விதை. அதில் வரும் 1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிக்சனே இன்னும் அதிபர். வியட்நாம் போரில் அமெரிக்கா வென்றிருக்கிறது. அணு ஆயுதப் போர் வாசலில் நிற்கிறது. முகமூடி நாயகர்களோ சிதைந்த மனிதர்கள். உடை அணியாமல் ஆண்மையை உணர முடியாத, தொப்பை விழுந்த நடுவயதுக்காரர் ஒருவர். அறவுறுதியே குரூரமாகிப்போன ரோர்ஷாக். அரசின் கொலையாளியான காமெடியன். உண்மையான அதிமானுட ஆற்றல் கொண்ட ஒரே பாத்திரமான டாக்டர் மன்ஹாட்டனுக்கோ மனிதர்கள்மீது அக்கறையே வற்றிக்கொண்டிருக்கிறது. சாகச நாயகன் என்ற கருத்தாக்கத்தையே உள்ளிருந்து சந்தேகித்த படைப்பு இது.

இதைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் நெடுங்காலம் நடந்தன. டெர்ரி கில்லியம் முயன்று கைவிட்டார். ஸ்னைடர் எடுத்து முடித்த பின்னரும் உரிமை குறித்து இரு பெரும் ஸ்டுடியோக்களுக்கிடையே நடந்த வழக்கு 2009 ஜனவரியில்தான் சமரசத்தில் முடிந்தது. மூர் தம் பெயரைப் படத்தில் இட மறுத்துவிட்டார். எழுத்துவரிசையில் கிப்பன்ஸின் பெயர் மட்டுமே வருகிறது. இந்தப் பின்னணியில், மூலத்தின்மீது பக்தி கொண்ட ஒருவர் இதை எடுக்கிறார் என்பதே வாசகர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த பக்தியே வினையாகும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

முதலில் படத்திற்குரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். ரோர்ஷாக்காக நடித்த ஜாக்கி ஏர்ல் ஹேலி அந்தக் கசப்பையும் தனிமையையும் முழுமையாக உள்வாங்கியிருக்கிறார். பாப் டிலன் பாடல் ஒலிக்க, முகமூடி நாயகர்களின் எழுச்சியும் வீழ்ச்சியும் ஏறத்தாழ அசையாத புகைப்படங்கள்போல நகரும் தொடக்கக் காட்சி அபாரமானது. பல பத்தாண்டுகளின் வரலாறு சில நிமிடங்களில் கண்முன் கடந்து செல்கிறது. ஆனால் கவனியுங்கள்: இந்த வடிவில் அந்தக் காட்சி மூலநூலில் இல்லை. சிதறிக் கிடந்த தகவல்களை எடுத்து, சினிமாவுக்கே உரிய முறையில் இயக்குநர் கற்பனை செய்த பகுதி அது. படத்தின் உச்சம், அவர் மூலத்தை நகலெடுக்காத இடத்தில் நிகழ்ந்திருக்கிறது.

மூலத்தின் பெரும்பாலான பக்கங்கள் மூன்று வரிசையில் மும்மூன்றாக ஒன்பது கட்டங்கள் கொண்ட சட்டகத்தில் அமைந்தவை. அங்கே காலம் வாசகனின் கண்ணில் இருக்கிறது. அவன் நிற்கலாம், பின்னால் போகலாம், ஒரே பக்கத்தில் நேற்றையும் நாளையையும் சேர்த்துப் பார்க்கலாம். நான்காம் இதழில் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு புகைப்படத்தோடு அமர்ந்திருக்கும் மன்ஹாட்டனுக்கு முக்காலமும் ஒருசேரத் தெரிகின்றன. படக்கதையின் பக்கமும் அப்படித்தான் இருக்கிறது. எல்லாக் கணங்களும் ஒரே நேரத்தில் அதில் உள்ளன. வடிவமே அங்கு பாத்திரத்தின் அகமாகிறது. படத்தில் இது பின்னணிக் குரலோடு கூடிய அழகிய நினைவுகூரலாக மட்டுமே எஞ்சுகிறது. கட்டத்துக்குள் இருந்த ஓவியத்தை ஸ்னைடர் எடுத்துக்கொண்டார். கட்டங்களுக்கு இடையிலிருந்த வெளியை விட்டுவிட்டார். வாசகன் வசித்தது அந்த வெளியில்.

இதைவிடப் பெரிய பிறழ்வு வன்முறையில் நேர்கிறது. சந்தில் டானும் லாரியும் ரவுடிக் கும்பலை எதிர்கொள்ளும் காட்சி மூலத்தில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியோடு மாறி மாறி வருகிறது. முடிவில் இருவரும் மூச்சிரைக்க, ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சப்பட்டு நிற்கிறார்கள். படத்தில் எலும்புகள் தோலைக் கிழித்து வெளிவருகின்றன. ஓய்வுபெற்ற இருவர் தேர்ந்த கொலையாளிகளாகிவிடுகிறார்கள். ஒவ்வொரு அடியும் மெதுவாக்கப்பட்டு, ரசிக்கும்படி நமக்குப் பரிமாறப்படுகிறது. எதைக் கண்டு மூர் அருவருத்தாரோ அதையே படம் அலங்கரிக்கிறது. காட்சி அதுவேதான், அதன் பொருள் நேர் எதிராகிவிட்டது.

முடிவில் வரும் பிரம்மாண்டமான கணவாய் உருவம் நீக்கப்பட்டு, பழி மன்ஹாட்டன்மீது விழும்படி மாற்றப்பட்டது குறித்தே ரசிகர்கள் பலர் கோபப்பட்டனர். எங்கள் பார்வையில் அது நியாயமான மாற்றம். உண்மையான இழப்பு வேறு. மூலத்தில் ஒரு தெருமுனைப் பத்திரிகைக் கடை உண்டு. ஓயாமல் பேசும் கடைக்காரர், அருகே அமர்ந்து கடற்கொள்ளையர் கதையை ஓசியில் வாசிக்கும் சிறுவன், பிணங்கும் காதலர்கள், மனைவியை இழந்துகொண்டிருக்கும் மனநல மருத்துவர் என இதழ்தோறும் நாம் பழகிய எளிய மனிதர்கள் கடைசியில் அந்த முனையில் வந்து கூடுகிறார்கள். பன்னிரண்டாம் இதழ் ஆறு முழுப்பக்கச் சித்திரங்களுடன் தொடங்குகிறது. ஒன்பது கட்டங்களுக்குப் பழகிய கண்முன் கட்டங்களே இல்லை, பிணங்கள் மட்டுமே. உலக அமைதிக்காக லட்சக்கணக்கானோரைக் கொல்லலாமா என்ற கேள்வி அங்கே கனக்கிறது, ஏனெனில் இறந்தவர்களை நமக்குத் தெரியும். திரையரங்குகளில் வந்த 162 நிமிடப் படத்தில் இவர்கள் கண்ணில் பட்டு மறைகிறார்கள். உடைவது கணினி வரைந்த ஒரு நகரம். பின்னர் 215 நிமிடங்களாக நீண்ட பதிப்பில் கடைக்காரரும் சிறுவனும் கடற்கொள்ளையர் கதையும் திரும்பி வந்தனர். படத்தின் தொனி மட்டும் மாறவில்லை.

மூலத்திலிருந்து விலகியிருந்தால் ரசிகர்கள் கொதித்திருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். கொதித்திருப்போம். இங்கேதான் எங்கள் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கட்டமும் மாறக்கூடாது என்று கேட்டவர்கள் எங்களைப் போன்ற வாசகர்களே. கேட்டது கிடைத்தது. 2019இல் டேமன் லிண்டலாஃப் உருவாக்கி எச்.பி.ஓ.வில் வந்த ஒன்பது பகுதித் தொடர் அந்தக் கோரிக்கையின் பிழையை உணர்த்தியது. அது படக்கதையின் கதையைத் திரும்பச் சொல்லவே இல்லை. 1921இல் ஒக்லஹோமாவின் டல்ஸாவில் கறுப்பின மக்கள்மீது நடந்த படுகொலையிலிருந்து தொடங்கி, முகமூடிக்குப் பின்னால் இருப்பது யாருடைய முகம், அது எந்தக் காயத்தை மறைக்கிறது என்று புதிதாகக் கேட்டது. அதிலும் மூருக்குப் பங்கில்லை. ஆயினும் ஸ்னைடரின் நகலைவிட அவரது கேள்விக்கு நெருக்கமாக நின்றது அந்த விலகல்தான்.

மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று. சொல்லுக்குச் சொல் வைத்தபின்னும் பேசியவரின் குரல் வராமல் போவதை அவர்கள் அறிவார்கள். மூலத்தை நேசிப்பவர் அதன் தோற்றத்தைக் காப்பாற்றினால் போதாது. அது எதைக் கண்டு கலங்கியதோ அதைக் கண்டு தாமும் கலங்க வேண்டும். அந்தக் கலக்கம் படத்தில் இல்லை. படத்தை மட்டும் பார்த்துவிட்டு 'வாட்ச்மென்' இவ்வளவுதான் என்று முடிவுகட்டியவர்கள், அருள்கூர்ந்து ஒருமுறை அந்தப் பன்னிரண்டு இதழ்களையும் நிதானமாகப் புரட்டிப் பாருங்கள். பத்திரிகைக் கடை வரும் பக்கங்களில் மட்டும் சற்று அதிக நேரம் நில்லுங்கள்.